ராணியின் வயிற்றில் கேட்ட அலைச்சத்தம்: சொத்தவிளையில் ஒரு மணல் சூலை

மே மாதக் கடைசி ஞாயிறு. பள்ளி திறக்கச் சில நாட்களே இருந்ததால் கடற்கரையில் கால் வைக்க இடமில்லை. இரவு ஒன்பதே முக்காலுக்கு போன் வந்தது.

"சார், ராணி படுத்துப் படுத்து எழும்புது. விலாவைத் திரும்பித் திரும்பிப் பாக்குது. மத்தியானத்துல இருந்து லத்தியே போடல."

பேசியது குதிரைக்காரரின் மகன். பின்னால் தகப்பனாரின் குரல் கேட்டது: "மக்களே, நிறுத்தாம நடத்து."

தீனியை எடுத்துவிடுங்கள், வாயில் எதையும் ஊற்ற வேண்டாம் என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. ஏற்கெனவே ஊற்றியாயிற்று என்று அப்போதே புரிந்துவிட்டது.

நாகர்கோவிலில் இருந்து போய்ச் சேரும்போது மணி பத்தரை. ராணி ஒன்பது வயதுப் பெட்டைக் குதிரை, சொத்தவிளைக் கடற்கரையில் சவாரிக்குப் போவது. கடலுக்கு இருநூறு மீட்டர் தள்ளி ஒரு தென்னந்தோப்பில் கட்டியிருந்தார்கள். கழுத்திலும் விலாவிலும் வேர்வை காய்ந்து உப்புப் பூத்திருந்தது. முன்னங்காலால் மணலைப் பறித்துக்கொண்டே இருந்தாள். மேலுதட்டைச் சுருட்டுவாள், பின்னங்காலை மடக்கிப் படுக்கப் பார்ப்பாள், பிறகு மனம் மாறி நிமிர்ந்து நிற்பாள். சாயங்காலம் ஆறு மணியில் இருந்து நாலு மணி நேரத்துக்கு மேல் அந்த மணலில் நடத்தியிருக்கிறார்கள். வலியில் இருக்கும் குதிரையைப் பத்துப் பதினைந்து நிமிடம் நடத்துவதில் தவறில்லை, குடல் கொஞ்சம் அசையும். நாலு மணி நேரம் நடத்தியதில் அவளிடம் மிச்சமிருந்த தெம்பும் போயிருந்தது.

முதல் அரை மணி நேரம்

ஊசியைத் தொடுமுன் எண்களை எடுத்துவிட வேண்டும். வலி மருந்தும் மயக்க மருந்தும் உள்ளே போனபின் இதயத்துடிப்பு உண்மை சொல்லாது. ஓய்வில் இருக்கும் வளர்ந்த குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை துடிக்கலாம். ராணிக்கு 64. மூச்சு 24, இருக்க வேண்டியது 8 முதல் 16. காய்ச்சல் இல்லை, 100.8 பாரன்ஹீட். ஈறு வெளிறி, விரலில் ஒட்டியது. ஈற்றைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டால் 2 விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். இவளுக்கு 3 ஆயிற்று. உடம்பில் தண்ணீர் குறைந்திருக்கிறது.

அடுத்தது நுரையீரல். இஞ்சிச்சாறும் ஓமத்தண்ணீரும் கலந்து, கண்ணாடி பாட்டிலில் இரண்டு முறை ஊற்றியிருக்கிறார்கள். மாட்டுக்கு ஊற்றும் பழக்கம். தலையைத் தூக்கிப் பிடித்து ஊற்றும்போது கொஞ்சம் மூச்சுக்குழாயில் இறங்கினால், வயிற்றுவலியில் பிழைக்கும் குதிரை நாலாம் நாள் நிமோனியாவில் போய்விடும். நல்லவேளை, இரண்டு பக்கமும் சுத்தமாகக் கேட்டது.

பிறகு மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் இருக்கும் தசைவளையம் அவ்வளவு இறுக்கம். வழி அடைபட்டு இரைப்பையில் திரவம் சேர்ந்தால் வெளியே வர வேறு வழியே கிடையாது, இரைப்பை கிழியும். அதனால் சூலை, அதாவது வயிற்றுவலி, கண்ட குதிரைக்குக் குழாய் போடுவதே பாதி வைத்தியம். ராணிக்குக் குழாயில் கொஞ்சம் புளித்த காற்றும் இஞ்சி வாசனையும்தான் வந்தன. திரவம் தேங்கவில்லை. பிரச்சினை சிறுகுடலில் இல்லை, இன்னும் பின்னால் என்ற நம்பிக்கை அப்போது வந்தது.

ஸ்டெதாஸ்கோப்பை விலாவில் நாலு இடத்தில் வைத்துக் கேட்டால், நல்ல குதிரையின் குடல் ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும். இவளுக்கு இடப்பக்கம் அநேகமாக நிசப்தம். கடைசியாக வயிற்றின் அடியில், நெஞ்செலும்பு முடியும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் வைத்துக் காத்திருந்தேன். அந்த இடத்தில் அவசரப்படக் கூடாது, நாலைந்து நிமிடமாவது கேட்க வேண்டும். முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் ஒரு 'சர்ர்ர்'. கரையேறிய அலை திரும்பும்போது மணல் உரசுமே, அதே சத்தம். வெளியே நிஜக்கடலும் இரைந்துகொண்டிருந்ததால் எனக்கே சந்தேகம் வந்து, குழலைக் காதில் இருந்து கழற்றிவிட்டு மறுபடி மாட்டினேன். கடல் தன்பாட்டுக்கு ஒரு தாளத்தில் இருந்தது. இது குடல் அசையும்போது மட்டும் வந்தது.

மலக்குடல் வழியாகக் கையை விட்டதில் இடப்பக்கம் பெருங்குடல் கெட்டியாக, பிசைந்த மாவு மூட்டை போலத் தட்டுப்பட்டது. உள்ளே கிடந்த நாலைந்து லத்தி உருண்டைகளை எடுத்துவந்து, நீளக் கையுறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கரைத்து, விரல்பக்கம் கீழே தொங்கும்படி ஒரு ஆணியில் மாட்டினோம். கால்மணி நேரத்தில் கையுறையின் விரல் நுனிகளில் மணல் இறங்கி நின்றது. மகன் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "சார், இவ்வளவும் உள்ளயா கெடந்தது?" என்றான். இவ்வளவும் இல்லை தம்பி, இது நாலு உருண்டைக்கு உரியது என்றேன்.

குதிரைக்குக் குடல் எங்கே திரும்புகிறது

எங்கள் படிப்பில் மாடுதான் பெரும்பங்கு. அந்தக் கண்ணோடு குதிரையைப் பார்த்தால் தப்பு வரும். மாட்டுக்கு நொதிக்கும் தொட்டி முன்னால் இருக்கிறது, தின்றதை நொதிக்க வைத்து அசைபோட்டுப் பிறகுதான் உள்ளே அனுப்பும். குதிரைக்கு அது பின்னால் இருக்கிறது. இரைப்பை சின்னது, நடுத்தரக் குதிரைக்கு 8 முதல் 15 லிட்டர். சிறுகுடல் ஏறக்குறைய 20 மீட்டர். அதற்குப் பிறகுதான் முப்பது லிட்டர் கொள்ளும் பெருங்குடல்வாயும், அதையும்விடப் பெரிய பெருங்குடலும். புல்லின் நாரை நுண்ணுயிர்கள் உடைப்பது அங்கேதான்.

பெருங்குடல் வயிற்றின் அடித்தளத்தில் அகலமாக ஓடி, இடுப்புக்கு அருகே சட்டென்று குறுகி, கொண்டை ஊசி வளைவாகத் திரும்பும். கோட்டாறு கடைத்தெருவுக்குள் நீளமான லாரியைத் திருப்பப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. நார் நிறைய இருந்தால் மணலையும் சேர்த்து உருட்டிக்கொண்டு போய்விடும். நார் குறைந்தால் மணல் கனத்தால் கீழே படிந்து, நாளாக ஆக அடிவயிற்றில் பாய் விரித்ததுபோல் சேரும். உள்சவ்வை அது அரிப்பதால் லத்தி இளகும். ஒருநாள் வெயில், தண்ணீர்க்குறை, வேலை மூன்றும் சேர்ந்தால் வளைவில் அடைத்துக்கொள்ளும்.

மூன்று இரவுகள்

நெஞ்சளவு 158 சென்டிமீட்டர், உடல் நீளம் 148. நெஞ்சளவை அதனாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் எடை கிட்டத்தட்டக் கிடைக்கும்: 311 கிலோ. குடும்பத்தார் 400 இருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். தொங்கிய வயிறுதான் ஏமாற்றியிருக்கிறது.

மயக்கத்துக்குச் சைலசினும் வலிக்கு ஃப்ளூனிக்சினும் போட்டதும் வலி இறங்கியது. நரம்பு வழியாக ரிங்கர் லாக்டேட் என்ற உப்புக்கரைசல் 10 லிட்டர் ஏற்றினோம். அரை லிட்டர் பாட்டில்கள் இருபது. தென்னையில் கொச்சக்கயிறு கட்டித் தொங்கவிட்டு ஒன்று மாற்றி ஒன்றாகப் பையன் மாட்டிக்கொண்டே இருந்தான். உடம்பில் தண்ணீர் தேறியபிறகே 300 கிராம் மெக்னீசியம் சல்பேட்டை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துக் குழாயில் இறக்கினேன். அது குடலுக்குள் தண்ணீரை இழுக்கும் உப்பு. வறண்ட குதிரைக்கு முதலிலேயே கொடுத்தால் இருக்கும் தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும்.

பாரபின் எண்ணெய் கொடுக்கவில்லையா என்று பிறகு நண்பர் ஒருவர் கேட்டார். சாதாரண மலச்சிக்கலுக்கு அது நல்லதுதான். மணல் விஷயத்தில் எண்ணெய் பெரும்பாலும் மணலைச் சுற்றி வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும், மணல் இருந்த இடத்திலேயே கிடக்கும். மணலைப் பிடித்துக்கொண்டு நகர்வது இசப்கோல். உடல் எடையில் கிலோவுக்கு 1 கிராம் இசப்கோலும் அதே அளவு மெக்னீசியம் சல்பேட்டும் சேர்த்து, தினம் ஒருமுறை நாலு நாள் குழாய் வழியாகக் கொடுப்பது தனித்தனியாகக் கொடுப்பதைவிட நன்றாக வேலை செய்கிறது.

திங்கள் காலை மருந்துக்கடை திறந்ததும் மூன்று 100 கிராம் பொட்டலம் வந்தது. இங்கே என் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மூன்றையும் ஒரே வாளித் தண்ணீரில் கொட்டிக் கலக்கிவிட்டு, குழாயைச் சரிபார்த்தபடி தகப்பனாரிடம் பேசிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் வாளியில் கூழ். பம்பில் பாதி, குழாயில் மீதி என்று அடைத்துக்கொண்டது. உருவி எடுத்துக் கழுவி மறுபடி போட வேண்டியதாயிற்று, ராணியின் மூக்கில் இரத்தம் வேறு. அடுத்த முறை ஒரு லிட்டருக்கு ஒரு கைப்பிடி என்று குளிர்ந்த தண்ணீரில் போட்டு, கலக்கின கையோடு இறக்கினோம். வேலை இடையில் நிற்காமல் நடக்க இரண்டு பேர் வேண்டும்.

திங்கள் இரவு ஒரு மணிக்கு வலி திரும்பியது. துடிப்பு 56. வயிற்றைத் திறக்க மேசை, மயக்க இயந்திரம், ஆட்கள் வேண்டும், அவை என் கையில் இல்லை. திருநெல்வேலி இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 80 கிலோமீட்டருக்கு மேல். குதிரையை நிறுத்திக்கொண்டு போகிற மினி லாரி ஒன்று தோப்பு வாசலில் வந்து நின்றது. துடிப்பு 60-க்கு மேல் போய் நின்றாலோ, மருந்து போட்டும் வலி அடங்காவிட்டாலோ, குழாயில் திரவம் வந்தாலோ வண்டி ஏற்றிவிடுவது என்று முடிவு. இப்படி ஒரு எல்லைக்கோட்டை முன்பே போட்டுவிடுவது நல்லது. நடுராத்திரியில் களைத்த மனசு இன்னும் ஒரு மணி நேரம் பார்ப்போமே என்று தள்ளிப்போடும், குடல் முறுக்கிக்கொண்டால் அந்த ஒரு மணி நேரம் திரும்பக் கிடைக்காது. "நாலு பேருக்குச் சோறு போடுது சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தகப்பனார் தென்னையடியில் உட்கார்ந்துவிட்டார்.

வலி அடங்கியது. செவ்வாய் அதிகாலை நாலரைக்கு முதல் லத்தி. கறுத்து, சளி பூசி, மூன்றே உருண்டை. கையில் எடுத்தால் கல் போலக் கனம். பையன் அதைத் தங்கம்போல வாளியில் வாங்கிக் கழுவினான். கையுறையின் ஐந்து விரல்களும் நிறைந்தன. புதன் காலை ஆறு முறை போட்டாள், துடிப்பு 40. வியாழனோடு குழாயை நிறுத்தினேன். லாரியை அதற்கு முன்பே அனுப்பிவிட்டோம்.

எந்த மணல்?

"கடற்கரைல ஓடுற குதிரைக்கு மண்ணு உள்ள போகாம இருக்குமா சார்?" என்றார் தகப்பனார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கையுறை வேறு கதை சொன்னது.

எங்கள் கரை மணலில் இல்மனைட்டும் கார்னெட்டும் கலந்திருப்பதால் கறுப்பும் செம்பழுப்புமாகக் கோடு ஓடும். மணவாளக்குறிச்சியில் அந்தக் கனிமத்தைப் பிரிக்கவே ஆலை இருக்கிறது. கனமான மணல் என்பதால் தண்ணீரில் கரைத்தால் கறுப்பு முதலில் அடியில் இறங்க வேண்டும். ராணியின் கையுறையில் அடியில் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று, அதற்குமேல் முழுக்க வெளிறிய பழுப்பு மணல். தோப்பில் அவள் நின்ற இடத்தில் ஒரு பிடி அள்ளி இன்னொரு கையுறையில் கரைத்துப் பக்கத்தில் தொங்கவிட்டோம். இரண்டும் ஒன்றேபோல் இருந்தன.

அவள் மணல் தின்றது வேலையில் அல்ல, வீட்டில். அதுவும் தீனி வேளையில்.

பிறகு விசாரித்ததில் ஒவ்வொன்றாக வந்தது. காலையும் இரவும் அவித்த கொள்ளும் தவிடும் சேர்த்து இரண்டு கிலோ, தரையில் கொட்டுவார்கள். வைக்கோல் நாளுக்கு இரண்டு மூன்று கிலோ. 311 கிலோ குதிரைக்குக் காய்ந்த கணக்கில் எடையில் 2 சதவீதம், அதாவது 6 கிலோ நார்த்தீனி வேண்டும். காலை ஏழில் இருந்து மாலை ஆறு வரை கடற்கரையில் வாயில் ஒன்றுமில்லை, ஞாயிற்றுக்கிழமைகளில் சவாரிக்கு வந்தவர்கள் நீட்டும் பிஸ்கட்டும் வேர்க்கடலையும் தவிர. பசியோடு வந்த குதிரை கொள்ளைத் தின்று முடித்து, சிந்திய கடைசிப் பருப்புகளை உதட்டால் மணலோடு கூட்டிப் பொறுக்கும். வேர்வையில் போன உப்புக்காகவும் தரையை நக்கும். தண்ணீர் இரண்டு வேளைதான். வேர்த்த குதிரைக்குத் தண்ணீர் காட்டினால் சூலை வரும் என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

இதில் என்னை உறுத்தியது வேறொன்று. மூன்று வாரம் முன்பே லத்தி மாட்டுச்சாணிபோல இளகியிருக்கிறது. புல்லால்தான் கழிகிறது என்று நினைத்து, அதுவரை கொடுத்துவந்த ஒரு கட்டுப் புல்லையும் நிறுத்திவிட்டார்கள். மணலை வெளியே தள்ளிக்கொண்டிருந்த ஒரே பொருள் அந்த நார்தான். நல்ல எண்ணத்தில் செய்ததே அடைப்பை நெருக்கிவிட்டது.

இன்னொன்றும் பையன் சொன்னான். சேணத்தின் வயிற்று வாரை இறுக்கும்போது ஒரு மாதமாகக் கடிக்க வருகிறாளாம். "கொணம் மாறிட்டுன்னு நெனச்சோம்." குதிரையின் இரைப்பையில் அமிலம் இரவும் பகலும் சுரந்துகொண்டே இருக்கும், தின்றாலும் தின்னாவிட்டாலும். அதைத் தணிக்கும் உமிழ்நீர் மெல்லும்போது மட்டுமே ஊறும். பதினொரு மணி நேரம் வெறும் வயிற்றோடு ஓடும் குதிரைக்கு இரைப்பைப்புண் வருவது அதிசயமில்லை. எண்டாஸ்கோப் போட்டுப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனாலும் அடம் பிடிக்கிறாள் என்று சாட்டையை எடுக்குமுன் வயிற்றை நினைக்க வேண்டும். சாட்டையைக் கேட்டு வாங்கி என் வண்டியில் போட்டுக்கொண்டேன், இன்னும் திருப்பித் தரவில்லை.

மாற்றியவை

முதல் வேலை தரையில் தீனி கொட்டுவதை நிறுத்தியது. ரப்பர் விளையும் மாவட்டத்தில் ஒரு ரப்பர் பாய்க்கு மூன்று நாள் அலைந்தோம். கடைசியில் ஒரு பழைய லாரி டயருக்குள் சிமெண்ட் தொட்டியைப் பதித்து, அடியில் பாயை விரித்தாயிற்று. வைக்கோலுக்கு வலை வேண்டும் என்றதும், மீன்பிடிக்கும் உறவினர் ஒருவர் நைலான் வலை கொண்டுவந்தார். வேண்டாம் என்றேன். அறுந்த இழை குடலுக்குள் போனால் அதைச் சுற்றியே கல் வளரும், குளம்பும் மாட்டும். தடித்த கயிற்றில் பின்னிய வலையைக் குதிரையின் நெஞ்சுக்கு மேல் உயரத்தில் கட்டினோம். கண்ணிகள் சின்னதாக இருப்பதால் கொஞ்சம் கொஞ்சமாக உருவித் தின்கிறாள், இரவெல்லாம் வாய் அசைகிறது. அதே மாதிரி ஒரு வலை கடற்கரையிலும், சவாரிக்கு இடையில்.

கொள்ளு கொடுப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. குதிரைக்குக் கொள்ளு என்பது நம் ஊரில் தலைமுறை வழக்கம், அதில் நல்ல புரதமும் உண்டு. ஊறவைத்து அவிக்க வேண்டும், ஒரு வேளைக்கு 1 கிலோவைத் தாண்ட வேண்டாம், வைக்கோல் தின்றபிறகு கொடுக்க வேண்டும். இவ்வளவுதான் கேட்டேன். அருகம்புல் கிடைத்தவரைக்கும் தரலாம். கம்பு நேப்பியர் நிறைய வளர்க்கிறார்கள், அதை மட்டுமே நம்பினால் அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச்சத்தைப் பிடித்துக்கொள்ளும், அதனால் பாதிக்கு மேல் வேண்டாம். எதை மாற்றினாலும் ஒரு வாரம் பத்து நாள் எடுத்து மாற்ற வேண்டும். பின்குடலின் நுண்ணுயிர்களுக்குப் புதுத் தீனி பழக அவ்வளவு நாள் ஆகும்.

தண்ணீர் எப்போதும் பக்கத்தில். முதல் இரண்டு நாள் தோப்புக் கிணற்றுத் தண்ணீரை முகர்ந்துவிட்டு விலகினாள். பையன் வாயில் வைத்துப் பார்த்து, லேசாகக் கரிக்கிறது என்றான். ஊர்க்குழாய்த் தண்ணீர் வைத்ததும் ஒரே மூச்சில் அரை வாளி. வெயில் நாளில் 30 லிட்டர் வரை குடிக்கிறாள். கொள்ளில் தினம் 30 கிராம் கல்லுப்பு. பல்லைத் தேய்த்துவிட்டேன், கடைவாயில் கூர்முனைகள் இருந்தன. லத்தியில் புழு முட்டை பார்த்து மருந்தும் கொடுத்தாயிற்று.

மூன்று வாரம் கழித்தே சேணம் ஏறியது. தொங்கிய வயிறு உள்வாங்கியதும் வீட்டுக்காரம்மா, "மெலிஞ்சு போச்சே சார்" என்று வருத்தப்பட்டார். டேப் வைத்து அளந்தால் நெஞ்சளவு 161.

பையனிடம் சவாரிக் கணக்கு எழுதும் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. ஒரு சவாரிக்கு ஒரு கோடு. அதே பக்கத்தில் வலது ஓரமாக இன்னொரு பத்தி போடச் சொன்னேன்: ஒரு லத்திக்கு ஒரு கோடு. நாளுக்கு எட்டு முதல் பன்னிரண்டு வர வேண்டும், ஆறுக்குக் கீழே போனால் எனக்கு போன். மாதம் ஒருமுறை கையுறை, படத்தோடு.

கடைசிப் படம் ஐப்பசி மழையில் வந்தது. கையுறை அதே ஆணியில் தொங்குகிறது, நடுவிரல் நுனியில் மட்டும் ஒரு சிட்டிகை மணல். கீழே ஒரு வரி: "சார், நேத்து லத்தி பதினொண்ணு. மழையினால சவாரி இல்ல. வாரு இறுக்கும்போது இப்பவும் லேசா காதை மடக்குறா."